சட்டிமரத்து எண்ணெய்

ஷிப்ட் முடிந்து வரிசையில் வந்த குணசுந்தரி வாசல் வளையத்துக்குள் காலை வைத்ததும் மாமியார் கத்தினாள்.

மாமியார் என்பது பெண்கள் வைத்த பெயர். கம்பெனி அந்த வளையத்துக்கு நீளமாக ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தது, அது யார் வாயிலும் நிற்கவில்லை. உள்ளே வருகிறவளை ஒன்றும் கேட்காது. வெளியே போகிறவளைத் தலைமுதல் கால்வரை மோப்பம் பிடிக்கும். உள்ளே உரிக்கிற கொட்டையின் பருப்பு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு போனால் போதும், ஊரைக் கூட்டிவிடும்.

"இன்னா குணா, இன்னிக்கு மாமியா கண்ணு உன்மேல வுழுந்துட்ச்சா?" என்று பின்னாலிருந்து பாக்கியமேரி சிரித்தாள்.

குணசுந்தரியும் சிரித்துக்கொண்டே பின்வாங்கி, முந்தானையை உதறிவிட்டு மறுபடி நுழைந்தாள். மறுபடி கத்தியது. வாட்ச்மேன் ஏழுமலை கையில் இருந்த கருவியால் அவள் உடம்பைத் தடவினான். இடுப்பில் முனகியது. கையில் கொஞ்சம் ஏறியது. தலைக்குப் போனதும் அலறியது.

சூப்பர்வைசர் டில்லிபாபு வந்தான். அவனும் இதே சாம்பல்மேட்டுக் குடியிருப்பில் மூக்கு ஒழுகத் திரிந்தவன்தான். குணசுந்தரி கையால் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறான். சட்டைப்பையில் கம்பெனி பேட்ஜ் ஏறிய பிறகு அக்கா என்பது அம்மா ஆகியிருந்தது. மரியாதைக்கு அல்ல.

"கொண்டையில இன்னாம்மா வெச்சிகீற?"

"ஊசி வெச்சிகீறேன். இன்னா வெப்பாங்க கொண்டையில?"

"அவுறு."

"இங்கயா? இத்தினி ஆம்பள நிக்கறானுங்க."

"பருப்பு இல்லன்னா இன்னா பயம்? அவுறு."

அவிழ்த்தாள். பருப்பு விழவில்லை. ஊசியோடு சேர்ந்து ஒரு கைப்பிடி முடி கழன்று வந்தது. லாரி டிரைவர்கள் பார்த்தார்கள். எடைமேடைக்காரன் பார்த்தான். விரித்த தலையோடு அவளை இன்னொரு முறை வளையத்துக்குள் நடக்கவிட்டார்கள். மாமியார் விடாமல் கத்தினாள்.

"துன்னுட்டா போல" என்றான் டில்லிபாபு. "உள்ள போனதத்தான் மிஷின் காட்டுது. விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வராத. வூட்ல வேற ஆள் இருந்தா அனுப்பு."

அந்தக் கடைசி வார்த்தைதான் கத்தி. மூடிப்போன அனல்மின் நிலையத்தின் சாம்பல் மலைபோல் குவிந்து கிடந்த பூமி அது. சட்டிமரம் நட்டு அதைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று கம்பெனி எடுத்துக்கொண்டபோது குடிசைகளை இடித்து வரிசை வீடு கட்டிக் கொடுத்தது. வீட்டுக்கு ஒரு ஆள் கொட்டை உரிக்கிற ஷெட்டில் இருக்கும் வரை வீடு. இல்லையென்றால் நடுத்தெரு. குணசுந்தரியின் வீட்டில் இன்னொரு ஆள் என்றால் மகள் மகிஷா. நர்சிங் படிக்கிறாள். அவள் ஷெட் வாசலை மிதிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவள் தன் விரல் நகமெல்லாம் வெளுத்துப் பிளந்து விழுகிற வரைக்கும் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் அவளுக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை. மகள் இந்த மரத்தடிக்கு வரக் கூடாது. அவ்வளவுதான்.

மறுநாள் கம்பெனி ஆய்வுக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். டாக்டர் ஆரபி. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மரத்துக்கு டாக்டர். வயதில் சின்னவள், பெண்களிடம் முகம் சுளிக்காமல் பேசுகிறவள். குணசுந்தரியை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். கிட்டே குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"பூண்டு ஏதாவது சாப்பிட்டீங்களா அக்கா?"

"அத்த வுடு தாயி. எங்க தெருவுல அல்லார் வாயும் அப்டித்தான் அடிக்குது. என் பொண்ணுகூட, பூண்டுச் சட்னியா கட்டிக்கினியேம்மான்னு கிண்டல் பண்ணுவா."

ஆரபி சிரிக்கவில்லை. "இது என்ன மரம்னு உங்களுக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"சட்டிமரம்."

"கோயில்ல நாகலிங்கப் பூ பாத்திருப்பீங்க. அந்த மரத்துக்குச் சொந்தம் இது. ஒரே குடும்பம். எல்லாம் வெப்பக் காட்டு மரங்க, வானத்தைத் தொடும். இதுல காய் சட்டி மாதிரி இருக்கும். பழுத்தா மூடி கழண்டு விழுந்து உள்ள கொட்டை தெரியும்."

"மூடி வுழுறது எனக்குத் தெரியாதா? தோள்லயே வாங்கிகீறேன்."

"அந்தக் குடும்பத்துல சில மரங்களுக்கு ஒரு குணம் உண்டு. மண்ணுல செலினியம்னு ஒரு தாது இருந்தா இழுத்து இழுத்துக் கொட்டையில சேர்த்து வெச்சுக்கும். மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. நிலக்கரிச் சாம்பல்ல அந்தத் தாது இருக்கு. நாங்க மரத்தோட பசியைக் கொஞ்சம் கூட்டி விட்டோம். வேகமா வளர வெச்சோம். சாம்பல்ல இருக்கிற விஷம் கொட்டைக்கு வந்துடும், கொட்டையை எரிச்சுத் தாதுவை எடுத்து விப்பாங்க, நிலம் சுத்தமாயிடும். அதுதான் திட்டம்."

"நல்ல திட்டந்தான். அதோட ஊர்ல அத்த துன்னவங்களுக்கு இன்னா ஆச்சு?"

"எந்த ஊர்ல?"

"மரத்தோட ஊர்ல, தாயி. அங்கயும் மனுசங்க இருப்பாங்க இல்ல?"

ஆரபி டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அளவுக்கு மேல உள்ள போனா முடி கொட்டும். நகம் விழும். மூச்சுல பூண்டு வாசனை வரும்."

"இது உனுக்கு எப்பலருந்து தெரியும்?"

"புதுசா கண்டுபிடிச்சது இல்லக்கா. ரொம்ப காலமா புத்தகத்துல இருக்கு."

குணசுந்தரிக்கு உள்ளங்கால் முதல் எரிந்தது. முடி கொட்டுகிறது என்றபோது கம்பெனி மருத்துவ முகாம் போட்டு, ரத்தம் கம்மி, கீரை தின்னு, ஷாம்பூவை மாத்து என்று சொல்லி அனுப்பினார்களே. புத்தகத்தில் இருக்கிறதாம். படித்துவிட்டுத்தான் நட்டிருக்கிறார்கள்.

"நான் ஒரு பருப்பு துன்னதில்ல. என் பொண்ணு மேல சத்தியம்."

"தெரியும். எண்ணெய் வழியாப் போயிருக்கு. கையுறை கொடுத்திருக்காங்களே, போடலையா?"

"அத்த போட்டுக்கினு பருப்புத் தோல உரிச்சுக் காட்டேன் நீ. வழுக்கும். பருப்பு ஒடஞ்சா எண்ணெய் போச்சு, தாது போச்சுன்னு டில்லி கத்துவான். மிஷின்ல போட்டா ஒடையுதுன்னுதான எங்கள உக்கார வெச்சிகீது? மொத மாசமே அவன்தான் சொன்னான், கழட்டிட்டு உரிங்கடின்னு."

சொல்லிக்கொண்டிருந்தவள் குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். எண்ணெய்.

ஷெட்டில் சாயங்காலம் கை கழுவச் சீயக்காய்த்தூள் மாதிரி ஒரு பொடி கொடுப்பார்கள். அதைப் போட்டாலும் விரலிடுக்கில் பிசுக்கு போகாது. கையில் எண்ணெய் இருந்தால் பெண்பிள்ளை என்ன செய்வாள்? தலையில் தடவிக்கொள்வாள். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், கை தானாகப் போகும். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். குணசுந்தரி மட்டும் தன் தலையில் பாதி தடவிவிட்டு மீதியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவாள். சும்மா போகிற எண்ணெய். பருப்பு வேண்டுமானால் கம்பெனியுடையது, கையில் ஒட்டினது அவளுடையது. மகிஷாவை முன்னால் உட்காரவைத்து வேர்க்காலெல்லாம் தேய்த்துப் பின்னிவிடுவாள். அந்தத் தெருவிலேயே அவளுக்குத்தான் தொடைவரைக்கும் பின்னல்.

"தாயி, அந்த எண்ணெய தலையில தடவினா?"

"மேல பூசறது அவ்வளவா உள்ள போகாதுக்கா. கழுவினா போயிடும்." கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க முடி கொஞ்சம் கொடுங்க. சோதிச்சுப் பாத்து மேல அறிக்கை அனுப்பறேன். நீங்க திருடலைன்னு நிரூபிக்கலாம். ஷெட்டையே நிறுத்தச் சொல்லி எழுதறேன்."

முடியைப் பிடுங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. விரலை விட்டுக் கோதினாள், வந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் மகிஷாவின் தலையை மூன்று தடவை அலசிவிட்டாள். "இன்னாம்மா பேன் பாக்கற மாதிரி கசக்கற" என்று அவள் கத்தினாள். முடியில் ஒன்றுகூடக் கழன்று வரவில்லை. கருகருவென்று அடர்த்தியாக இருந்தது. குணசுந்தரிக்கு மூச்சு வந்தது. டாக்டரம்மா சொன்னது நிஜம்தான் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க வேண்டியிருந்தது.

அறிக்கைக்குப் பதில் வரவில்லை. சவுரி மணவாளன்தான் வந்தான்.

கொட்டின முடிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன். மின்சாரச் சைக்கிளின் பின்னால் எவர்சில்வர் சாமான் மின்ன, எப்போதாவது எட்டிப் பார்ப்பான். பெண்கள் சீப்பில் வந்த முடியைச் சுருட்டி மஞ்சப்பையில் அடைத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். பை நிறைந்தால் ஒரு டம்ளர் கொடுப்பான். அதற்கே அரைமணி நேரம் சண்டை நடக்கும். அன்று தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. பாக்கியமேரி ஒரு புது இட்லிப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"குணா, ஒரு பை முடிக்குடி! மணவாளனுக்குக் கிறுக்கு புட்ச்சிகீது!"

குணசுந்தரி வெளியே வந்தாள். "யோவ் மணவாளா, போன தபா அரைக்கரண்டி குடுக்க அழுத. இப்ப இன்னா கல்யாணச் சீரா?"

"உங்க தெரு முடிக்கு மட்டும்தாங்க்கா. பக்கத்துத் தெரு முடியைக் கொண்டாந்து கலக்காதீங்க, திருப்பி வுட்றாங்க."

"யாரு திருப்பி வுட்றாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? பச்சை வண்டி ஒண்ணு வருது. மோப்ப மிஷின்ல காட்டி, கத்துனா எடுத்துக்கிறாங்க. கத்தலன்னா வேணாங்கறாங்க."

"பச்சை வண்டில இன்னா படம் போட்டிருக்கு?"

"மரம். சட்டியாட்டம் காய் தொங்குது." சொல்லிவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான்.

குணசுந்தரி ஆணியில் தொங்கிய மஞ்சப்பையைப் பார்த்தாள். எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சாம்பலிலிருந்து மரம் இழுத்தது. மரத்திலிருந்து கொட்டை. கொட்டையிலிருந்து கை. கையிலிருந்து முடி. ஷெட் நிற்கவில்லை, நிற்கப் போவதும் இல்லை. ஒரு படி கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மரத்துக்கு நீர் விட்டாவது வளர்த்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை.

வீடுவீடாகப் போனாள். முடியைக் கொடுக்காதே என்றாள். சிலர் திட்டினார்கள். "உனுக்கு வேல போச்சு, எனுக்குப் பானையாவது வரட்டும்" என்றாள் ஒருத்தி. பாக்கியமேரி கொஞ்ச நேரம் இட்லிப்பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை மணவாளன் சைக்கிள்மேல் வீசினாள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு தெருவில் யாரும் முடியை எடுத்துக்கொண்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை ஷிப்ட் நேரத்துக்கு டில்லிபாபு அவளை ஷெட் வாசலுக்கு வரச் சொல்லி ஆளனுப்பினான். குணசுந்தரி மஞ்சப்பையோடு போனாள். ஷெட்டுக்குப் போக வந்த பெண்களும் உள்ளே போகாமல் நின்றார்கள். கல்லூரிக்குக் கிளம்பிய மகிஷா அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் பின்னாலேயே வந்துவிட்டாள். ஆரபியும் நின்றிருந்தாள், குணசுந்தரியின் கண்ணைப் பார்க்காமல்.

"இன்னா தாயி, நீ எழுதினது போய் சேந்துச்சா?"

"சேர்ந்துச்சுக்கா." அவள் குரல் இறங்கியிருந்தது. "ஷெட்டை மூடணும்னுதான் எழுதினேன். பருப்பைவிட முடியில தாது அதிகமா இருக்குன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அவங்க அந்த ஒரு வரியைத்தான் படிச்சிருக்காங்க."

டில்லிபாபு குறுக்கே வந்தான். "அதெல்லாம் பெரிய எடத்து விஷயம். இந்தா பாரும்மா, இந்த நெலத்துலருந்து மரம் இழுக்கிற தாது அத்தனையும் கம்பெனி சொத்து. அக்ரிமென்ட்ல கீது. அது எதுல இருந்தாலும் கம்பெனி சொத்துதான். முடியைப் பதுக்கி வெச்சா திருட்டுக் கேசு. பானை குடுக்கறது பெரிய மனசு."

"மறுபடி சொல்லு டில்லி."

"இன்னாத்த சொல்ல?"

"என் தலையில கீறது யார் சொத்துன்னு சொன்ன இல்ல, அத்த. அல்லார் காதுலயும் வுழட்டும். அன்னிக்கு முகாம்ல, உங்க மேல எங்க சரக்கு துளிகூட ஒட்டாதுன்ன. ஷாம்பூவ மாத்துன்ன. இன்னிக்கு என் மண்டைக்குள்ள கீறது உன் சரக்குன்ற. எது நெசம்? என்னுதுன்னா கையை எடு. உன்னுதுன்னா என் நகத்துக்குப் பதில் சொல்லு."

பெண்களிடம் ஒரு முனகல் எழுந்தது. டில்லிபாபு சுற்றும் பார்த்தான். அவனுக்கு மூளை இல்லாமல் இல்லை.

"உன்னுது மட்டும்தான் அப்டி. நீ துன்னுகீற. மத்தவங்கள மாமியா ஏன் புடிக்கல? தெனம் நடக்கறாங்களே, கத்துதா? வேணும்னா நடந்து காட்டச் சொல்லு. உன் பொண்ணே நடக்கட்டுமே, உன் கையால சோறு துன்றவதான? கத்துதா பாப்போம்."

குணசுந்தரி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மகிஷா அதற்குள், "நடக்கறேன், இன்னா இப்போ" என்று பின்னலை முன்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு வளையத்துக்குள் நுழைந்தாள்.

மாமியார் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். சத்தமே இல்லை. குணசுந்தரி எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் கும்பிட்டாள். கேஸ் போகட்டும், வீடு போகட்டும், என் பிள்ளை சுத்தம்.

"பாத்தியா?" டில்லிபாபு சிரித்தான். "சுத்தமான பொண்ணு. முடியும் நல்லா நீளமா கீது. நாளைக்கே ஷெட்டுக்கு அனுப்பு. வூடும் நெலைக்கும்."

"நிறுத்துப்பா டில்லி" என்று ஒரு குரல் கேட்டது.

வாட்ச்மேன் ஏழுமலை. வாசலில் நிற்பான், போவான், யாரும் அவனை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவன் பெண்டாட்டியும் ஷெட்டில்தான் உரிக்கிறாள், தலையில் எப்போதும் ஸ்கார்ஃப் கட்டியிருப்பாள். வளையத்தின் காலடியில் இருந்த பெட்டியைச் சாவி போட்டுத் திறந்தான்.

"குணாக்கா, இத்த வந்து நட்டப்ப ஒரு பருப்புத் தோலுக்குக்கூடக் கத்தும். அப்பறம் அல்லாருக்கும் கத்த ஆரம்பிச்சிது. மொத்த ஷெட்டும் கத்துனா வேல எப்டி நடக்கும்னு அளவ ஏத்தி வெக்கச் சொன்னாங்க. ஏத்துனேன். கொஞ்ச நாள்ல மறுபடி கத்துச்சு. மறுபடி ஏத்தச் சொன்னாங்க. ஏத்திக்கினேதான் கீறேன். உன்னுது அந்த அளவையும் தாண்டிட்ச்சு, அவ்ளோதான்." அவன் உள்ளே எதையோ திருகினான். திருகிக்கொண்டே இருந்தான். "இதான் மொத நாள் வெச்ச அளவு."

"ஏழுமல, வேல போய்டும் உனுக்கு!"

"போவட்டும்."

அவன் வேறு யாரையும் கூப்பிடவில்லை. மகிஷா இன்னும் வளையத்தின் ஓரத்திலேயே நின்றிருந்தாள். அம்மாவிடம் வர ஒரு அடி எடுத்து வைத்தாள்.

மாமியார் அலறினாள். குணசுந்தரிக்குக் கத்தியதைப் போலவே, ஒரு இம்மி குறையாமல்.

மகிஷா பயந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். ஷெட் வாசலை ஒருநாளும் மிதிக்காத பெண். ஒரு கொட்டையைக்கூடத் தொடாதவள். குணசுந்தரி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பின்னல் அவள் உள்ளங்கைக்குள் வந்தது, வழவழவென்று, அவளே தேய்த்துத் தேய்த்து வளர்த்த பின்னல். முகத்தோடு முகம் வைத்தபோது மகிஷா மூச்சு விட்டாள். பூண்டு வாசனை. எத்தனை நாளாக அடிக்கிறதோ. தெருவே அப்படி அடித்தால் யார் மூக்குக்குத் தெரியும்?

"அம்மா, எனக்கு இன்னாம்மா?" என்றாள் மகிஷா.

ஆரபி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "மேல பூசினா உள்ள போகாதுன்னு நெனச்சேன்க்கா" என்றாள். குணசுந்தரி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருந்ததைச் சொல்லாதவர்கள், இல்லாததை மட்டும் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

டில்லிபாபு பெட்டியை நோக்கிப் பாய்ந்தான். "அமுத்துடா அத்த! மெயின் ரோடு வரைக்கும் கேக்குது!"

"எவனாவது கைய வெச்சான், ஒடச்சுடுவேன்" என்றாள் குணசுந்தரி. கத்தவில்லை. கத்துகிற வேலையை வேறொன்று செய்துகொண்டிருந்தது. மஞ்சப்பையை வளையத்துக்குக் கீழே வைத்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். "உன் சொத்துதான டில்லி. உன் சொத்து இங்க நிக்குது. கணக்கு தெரியட்டும் ஊருக்கு."

பாக்கியமேரி கொண்டையை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்து நின்றாள். ஏழுமலையின் பெண்டாட்டி ஸ்கார்ஃபைக் கழற்றினாள். உச்சியில் முடியே இல்லை. அவளும் வந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வளையத்துக்குள் இடமில்லாமல் வெளியே வழிந்தார்கள்.

எல்லாரும் தலையை விரித்திருந்தார்கள். லாரி டிரைவர்கள் இப்போதும் பார்த்தார்கள். ஒருத்தியும் முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. மெயின் ரோட்டில் பஸ் நின்றது. இறங்கியவர்கள் என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்து வந்தார்கள்.